கருமணலின் சாட்சியம்

குப்பம் மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் ஊர். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், ஒரு பக்கம் கிருஷ்ணகிரியும் திருப்பத்தூரும் இன்னொரு பக்கம் கோலாரும் எல்லையாக நிற்க, தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்குகிற இடம். மண்ணுக்கடியிலும் இதே கதைதான். கோலார் தங்கவயலுக்குப் பேர் வாங்கித் தந்த பாறைப்பட்டை மாநில எல்லையைப் பார்த்து நிற்கவில்லை. வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீண்டு, குப்பத்தை ஒட்டிய சிகுருகுண்டா, பிசாநத்தம் பகுதிகளைத் தொட்டுத் தமிழகத்துக்குள் இறங்குகிறது. அகலம் சில கிலோமீட்டர்தான். வயது 270 கோடி ஆண்டுகளை நெருங்கும். இந்தக் குறுகிய பட்டையில் பொன் தேடியவர்கள் பலர்: மரத்தட்டோடு ஓடையில் இறங்கிய பெண்கள், லண்டன் பங்குச்சந்தையின் பணத்தோடு வந்த கம்பெனிகள், இன்று மெட்டல் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு இரவில் அலைகிற புதையல் ஆசைக்காரர்கள். இவர்களில் மண்ணை முதலில் படித்தவர்களுக்கு ஏதாவது கிடைத்தது; மண்ணை வெறும் இடையூறாக நினைத்தவர்கள் பெரும்பாலும் ஏமாந்தார்கள். டிடெக்டரில் ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ என்று ஒரு திருகு இருக்கிறதே, அது இந்தப் பழைய பாடத்தை இயந்திரம் தாமதமாகக் கற்றுக்கொண்டதன் அடையாளம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தத் திருகு செய்யும் வேலையை முதலில் பார்த்துவிடலாம். டிடெக்டரின் வட்டத் தட்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருள், இடைவிடாது மாறுகிற காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலத்துக்கு எது பதில் கொடுத்தாலும் இன்னொரு சுருள் அதைக் கேட்டு ஓசையாக்குகிறது. காசும் ஆணியும் மட்டும் பதில் கொடுத்தால் சிக்கலே இல்லை. மண்ணில் கலந்திருக்கும் மாக்னடைட் என்ற காந்த இரும்புத்தாதுவும் பதில் கொடுக்கும். நெருப்பில் வெந்த செம்மண்ணில் உண்டாகும் மாக்ஹெமைட்டும் கொடுக்கும். உப்பு ஊறிய ஈரமண்ணும் கொடுக்கும். புதைந்திருக்கும் சிறு காசின் பதிலைவிட மண்ணின் பதில் பல மடங்கு உரத்தது. ஆனால் ஒவ்வொரு பொருளின் பதிலும் அனுப்பிய அலைக்குச் சற்றுப் பின்தங்கி வருகிறது. எவ்வளவு பின்தங்குகிறது என்பது பொருளுக்குப் பொருள் மாறும். மாக்னடைட்டின் பதில் ஏறக்குறையத் தாமதமே இல்லாமல் வரும். செம்பும் வெள்ளியும் வெகுவாகப் பின்தங்கும். இந்த மண்ணின் தாமதம் இவ்வளவு, இதைக் கணக்கில் சேர்க்காதே என்று கருவிக்குச் சொல்வதுதான் கிரவுண்ட் பேலன்ஸ். உலோகம் இல்லாத ஒரு துண்டு நிலத்தில், தட்டை ஒரு முழ உயரத்திலிருந்து தரைக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி வரை இறக்கி ஏற்றுவார்கள். இறங்கும்போது ஓசை கூடினால் திருகை ஒரு பக்கமும், குறைந்தால் மறுபக்கமும் திருப்ப வேண்டும். தட்டு ஏறினாலும் இறங்கினாலும் ஓசை ஒரே சீராக நிற்கும் நிலை வந்துவிட்டால், அந்த மண்ணின் குரல் அடங்கிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு எழும் ஓசைதான் தோண்டிப் பார்க்கத் தகுந்தது.

கருவியின் தொடக்க வரலாறே சுற்றுப்புறத்தை மறந்ததால் வந்த தோல்வியில் ஆரம்பிக்கிறது. 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு மின்காந்தக் கருவியைக் கொண்டுவந்தார். கட்டில் மெத்தையிலிருந்த எஃகுச் சுருள்கள் குழப்பியதும், மருத்துவர் உடலின் வலப்பக்கத்தில் மட்டுமே தேடவிட்டதும் சேர்ந்து முயற்சியைக் கெடுத்தன. 1930களில் கெர்ஹார்டு ஃபிஷர் கலிஃபோர்னியாவில் தம் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப்போரில் போலந்து நாட்டு அதிகாரி யூசெஃப் கோசாட்ஸ்கி வடிவமைத்த கருவி எல் அலமைன் பாலைவனத்தில் கண்ணிவெடி தேடியது. போருக்குப் பின் இதே தொழில்நுட்பம் பொழுதுபோக்காகப் பரவியபோதுதான் மண்ணின் தொல்லை பெரிதாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் இரும்புச் சத்து மிக்க செம்மண் பல கருவிகளைச் செவிடாக்கியது. அந்த மண்ணைச் சமாளிக்கவே அடிலெய்டில் 1985இல் தொடங்கிய மைன்லேப் போன்ற நிறுவனங்கள் புதிய முறைகளைத் தேடின. கருவி முன்னேறியதற்குக் காரணம் தங்கம் அல்ல, தங்கத்தைச் சுற்றியிருந்த மண் என்று சொல்லிவிடலாம்.

குப்பத்து மண்ணும் ஒரே மண் அல்ல. பெரும்பகுதி நைஸ் பாறையும் கிரானைட்டும் சிதைந்து உண்டான செம்மண். மணல் கலந்தது, நீர் நிற்காதது. ‘குப்பம் கிரீன்’ என்ற பெயரில் வெளிநாடு போகும் பளபளப்பான பலகைக்கற்கள் இந்த அடிப்பாறையிலிருந்து அறுக்கப்படுபவைதாம். தங்கம் இருக்கும் பட்டைக்குள் நுழைந்தால் அடியில் கரும்பச்சை ஹார்ன்பிளெண்டு பாறை. அதன் மேல் கருஞ்சிவப்பு மண். இடையிடையே இரும்பும் பளிங்கும் அடுக்கடுக்காக மாறி வரும் பட்டைக்கல். ஏரி அடிகளில் களிமண். சில மேடுகளில் சுண்ணாம்பு முண்டுகள். மழை பெய்து ஓடை வடிந்த மறுநாள் பார்த்தால், மணலின் மேல் கரிக்கோடு இழுத்ததுபோல் கருமணல் ஒதுங்கியிருக்கும். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் அதில் பெரும்பங்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு வயலில் சரியாக வைத்த கிரவுண்ட் பேலன்ஸ் அடுத்த வரப்பைத் தாண்டியதும் பொய்க்கக் கூடிய நிலம் இது. இரும்புப் பட்டைக்கல்லின் கைப்பிடித் துண்டு ஒன்று செம்மண்ணில் கிடந்தாலும் போதும், கருவி உலோகம் என்று கூவிவிடும்.

இந்தக் கருமணல்தான் பழைய பொன் அரிப்பின் வழிகாட்டியாக இருந்தது. 1802இல் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், எர்ரகொண்டா மலையை ஒட்டிய ஊர்களில் பொன் கிடைப்பதாகக் கேள்விப்பட்டு, காட்டுபவர்களுக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். ஊர்ப் பெண்கள் அவர் கண்ணெதிரே மண்ணை அரித்துப் பொன் துகள் எடுத்துக் காட்டினார்கள். கோலார்ப் பக்கத்து மாரிகுப்பத்தில் தலித் மக்கள் குழிக்குள் இறங்கிக் கல்லை வெட்டிக் கூடைகளில் கைமாற்றி மேலே அனுப்ப, பெண்கள் அதைப் பாறையில் வைத்து இடித்துத் தூளாக்கி நீரில் அலசினார்கள். ஏறத்தாழ 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெயின் (65 மில்லிகிராம்) பொன் என்பது அவருடைய கணக்காகச் சொல்லப்படுகிறது. இன்றைய அளவில் டன்னுக்கு ஒரு கிராமைச் சற்றே தாண்டும். அந்த 65 மில்லிகிராம் ஒரே மணியாக மேல்மண்ணில் கிடந்தால் நுட்பமான கருவி ஒன்று பிடிக்கக்கூடும். 56 கிலோவில் தூளாகப் பரவியிருந்தால் எந்த டிடெக்டருக்கும் அது கேட்காது. ஆனால் மரத்தட்டும் தண்ணீரும் பிடித்தன. எப்படி? வெறும் மணலின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு, மாக்னடைட்டுடையது ஐந்து மடங்குக்குச் சற்று மேல், பொன்னுடையது 19 மடங்கு. தட்டைச் சுழற்றச் சுழற்ற மணல் வழிந்துபோய்க் கருமணல் கடைசிவரை நிற்கும். அதன் விளிம்பில்தான் பொன் மினுங்கும். ஆகவே ஓடையின் எந்த வளைவில் கருமணல் ஒதுங்குகிறதோ அங்கேதான் அரிப்பவர் கை முதலில் போகும். டிடெக்டருக்கு எது எதிரியோ அதுவே மரத்தட்டுக்கு உற்ற துணையாக இருந்திருக்கிறது.

அதே கருமணலை இரும்பு உருக்குபவர்களும் தேடினார்கள். 1800-01இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர்ச் சீமையைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், ஓடையில் ஒதுங்கும் கருமணலை அரித்துச் சிறு உலைகளில் இரும்பு உருக்கும் முறையைப் பதிவு செய்திருக்கிறார். 1807இல் லண்டனில் அச்சான அவருடைய நூலில் உலை, துருத்தி, கரி, கூலி எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. இப்பகுதியின் இரும்புத் தொடர்பு இன்னும் பழையது. குப்பத்துக்கு அதிகத் தொலைவில்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. உலை இருந்த இடத்தில் மூன்று தடயங்கள் எஞ்சும்: கண்ணாடிபோல் உருகி இறுகிய சிட்டம், கரி, சுட்ட மண். மேல்மண்ணும் நெருப்பில் வெந்த மண்ணும் காந்தத்துக்கு அதிகம் பதில் கொடுக்கும் என்பதை பிரெஞ்சு அறிஞர் யூஜின் லெ போர்ஞ் 1955இல் விளக்கினார். பழங்குடியிருப்புகளை மண்ணைத் தோண்டாமலே காந்த அளவீட்டால் கண்டுகொள்ளும் தொல்லியல் முறைக்கு அது அடித்தளம். ஆக, டிடெக்டர் வைத்திருப்பவர் திருகைத் திருப்பி அடக்க முயலும் அந்த இரைச்சலில் ஒரு பங்கு, முன்பு அங்கே எரிந்த நெருப்பின் பதிவாகவே இருக்கலாம்.

மண்ணைப் படிக்காமல் போனதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. அந்தச் சாட்சி நீலகிரிப் பக்கத்தில் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்க அதிகாரியாக இருந்த பிரஃப் ஸ்மித் 1879-80இல் தென்கிழக்கு வயநாட்டை ஆராய்ந்து நம்பிக்கையூட்டும் அறிக்கை தந்தார். உடனே லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் நாற்பது லட்சம் பவுண்டுக்கு மேல் மூலதனம் அறிவித்து முளைத்தன. தேவாலாவும் பந்தலூரும் திடீர் நகரங்களாயின. சில ஆண்டுகளில் எல்லாம் சரிந்தது. பெருமழை பெய்யும் நாட்டில் மேற்பகுதிப் பாறை மக்கிப்போய்ப் பொன் மேலேயே செறிந்திருக்கும். கீழே போகப் போகக் குறையும். மேலே எடுத்த கல்லின் கணக்கைக் கீழுள்ள பாறைக்கும் பொருத்தியதும், அதைக் காட்டிப் பங்கு விற்ற பேராசையும் சேர்ந்து முதலீட்டாளர்களை மூழ்கடித்தன. வேறு கண்டத்து மண்ணில் அமைத்த அளவை இங்கே மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள் என்பதைவிடச் சுருக்கமாக அந்த வீழ்ச்சியைச் சொல்ல முடியாது.

அதே பத்தாண்டில் கோலார்ப் பக்கம் நடந்தது நேர்மாறானது. நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிய ஐரிஷ் படைவீரர் மைக்கேல் லாவெல், வாரனின் பழைய குறிப்பைப் படித்துவிட்டு இங்கே வந்து, 1873இல் மைசூர் அரசிடம் உரிமம் கோரிப் பின்னர் பெற்றார். பணம் போதாமல் சில ஆண்டுகளில் கைமாற்றிவிட்டார். பிறகு வந்த லண்டன் கம்பெனிகளும் தொடக்கத்தில் பணத்தைத்தான் புதைத்தன. பங்குதாரர்கள் கடையைக் கட்டிவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். ஜான் டெய்லர் நிறுவனத்தின் சுரங்கத் தலைவர் பிளம்மர் 1883 வாக்கில் செய்தது ஒன்றுதான்: பழங்காலத்தார் வெட்டி விட்டுப்போன பள்ளங்களைப் பின்தொடர்ந்து கீழே இறங்கினார். அங்கேதான் சாம்பியன் பாறைப்படிவம் கிடைத்தது. தொடக்கப் பத்தாண்டில் அதிலிருந்து டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் வந்தது. சாம்பியன் சுரங்கம் பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் உலகின் ஆழமான சுரங்கங்களில் ஒன்றானது. 2001 பிப்ரவரி 28இல் மூடப்படும்வரை கோலார் வயல் ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்தது. அந்தக் குழிகளில் இறங்கிய உழைப்பாளிகளில் பெரும்பாலோர், அன்று சித்தூரையும் தன்னுள் கொண்டிருந்த வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்பேசும் ஏழைகள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கோலாரின் வெற்றி பெயர் தெரியாத பழங்காலத்தாரின் மண்ணறிவால் வந்ததா, நீராவி எந்திரத்தாலும் சயனைடாலும் 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரத்தாலும் வந்ததா? பழையவர்கள் நிலத்தடி நீரைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டார்கள், கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொன்னை அவர்களால் பிரிக்க முடியவில்லை என்பார்கள். உண்மைதான், ஆழத்தை வென்றது எந்திரமும் மூலதனமும் தொழிலாளியின் நுரையீரலும். ஆனால் வயநாட்டுக் கம்பெனிகளிடமும் எந்திரம் இருந்தது, மூலதனமும் இருந்தது. எந்திரம் எவ்வளவு ஆழத்துக்குப் போகலாம் என்பதைத் தீர்மானித்தது. எங்கே இறங்க வேண்டும் என்பதைப் பழைய பள்ளம் தீர்மானித்தது. இரண்டாவது கேள்விக்கு விடை இல்லாதவரை முதலாவதால் பயன் இல்லை என்பதை, பிளம்மருக்கு முந்தைய சில ஆண்டுகளின் நட்டமே காட்டிவிட்டது.

இரண்டாவது மறுப்பு இன்றைய கருவிக்காரர்களுடையது. இப்போது கிரவுண்ட் பேலன்ஸைக் கருவியே பார்த்துக்கொள்கிறது, நடக்க நடக்க மண்ணைப் பின்தொடர்ந்து தானே மாற்றிக்கொள்கிறது, பிறகு மண்ணறிவு எதற்கு என்பது. தானியங்கி முறை நல்ல முன்னேற்றந்தான். இருந்தாலும் அது செய்வது சராசரி எடுக்கும் வேலை. மெல்லிய ஓசை தரும் சிறு பொருளின் மேல் தட்டை மீண்டும் மீண்டும் ஆட்டினால், அந்தப் பொருளையும் மண்ணென்றே எண்ணி அடக்கிவிடும். செம்மண் முடிந்து ஏரிக்களி தொடங்கும் விளிம்பில் சற்று நேரம் தடுமாறும். புதைந்த ஆணியின் மேல் நின்று சமன் செய்தால் அந்த ஆணியே அளவுகோலாகிவிடும். அனுபவசாலிகள் கடினமான நிலத்தில் தானியங்கியை அணைத்துவிட்டுக் கையால் திருகுவதும், சந்தேகமான ஓசை வந்தால் பக்கத்து மண்ணில் மறுபடி சமன் பார்ப்பதும் இதனால்தான். உயிர் பணயமாக இருக்கும் கண்ணிவெடி அகற்றலில் இதைவிடக் கண்டிப்பு அதிகம்: 2003இல் ஐரோப்பிய ஆய்வு மையம் ஒன்று வெளியிட்ட கையேடு, வேலை தொடங்கும் முன் அந்த இடத்து மண் கருவியை எவ்வளவு உயரத்திலிருந்தே கூவவைக்கிறது என்று அளந்து பார்க்கச் சொல்கிறது. அங்கே டிடெக்டர் முதலில் மண்ணை அளக்கும் கருவி. வெடியைத் தேடுவது அதற்கு அடுத்த வேலை.

மூன்றாவது மறுப்பு நேரடியானது: குப்பத்தில் டிடெக்டர் என்றாலே புதையல் வேட்டை, இடிந்த கோயிலையும் நடுகல்லையும் பெயர்க்கும் குற்றத்துக்கு எதற்கு இந்த வரலாற்றுப் பூச்சு? குற்றம் என்பதில் ஐயமே இல்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும்; மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. தொன்மைச் சின்னங்களைக் காக்கத் தனிச்சட்டங்களும் இருக்கின்றன. அறிவு நோக்கில் பார்த்தாலும் இந்த வேட்டை வீண். இந்தப் பட்டையின் தங்கம் பளிங்குக் கல்லுக்குள் நுண்துகளாகப் பரவியது, கருவிக்குக் கேட்காது. கேட்பவை இரும்புப் பட்டைக்கல்லும் சிட்டமும் சுட்ட மண்ணும் துருப்பிடித்த லாடமும். வேட்டைக்காரர் ஏமாற்றத்தோடு தூக்கியெறியும் சிட்டக்கட்டிதான் அந்த ஊரின் உண்மையான வரலாற்று ஆவணம். அது கிடந்த அடுக்கைக் கலைத்த பிறகு எந்த ஆய்வாளருக்கும் அதற்குக் காலம் சொல்வது கடினம்.

சிகுருகுண்டா, பிசாநத்தம் சுரங்கங்களை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் ஓய்ந்து இருபதாண்டுக்கு மேலாகிறது. 2015க்குப் பின் வந்த ஏல முறையில் அந்தச் சுரங்கத் தொகுதி என்எம்டிசி நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. கிரானைட் குவாரிகள் ஒருபுறம், சாலைகளும் மனைப்பிரிவுகளும் மறுபுறம் இந்த நிலத்தை வேகமாகப் புரட்டுகின்றன. பழைய அரிப்புக் குழிகளும் சிட்ட மேடுகளும் எந்தப் பட்டியலிலும் சேராமல் அழிந்துபோக வாய்ப்பு அதிகம். குப்பத்திலேயே 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. மூன்று மொழிக்கும் பொதுவான இந்தப் பட்டையை ஊர் ஊராக நடந்து, சிட்ட மேடுகளையும் பழங்குழிகளையும் வரைபடத்தில் குறித்து, மண்ணின் காந்த அளவையும் எடுத்து வைக்கும் பணியை அது கர்நாடக, தமிழகத் தொல்லியல் துறைகளோடு சேர்ந்து ஏற்கலாம். பொதுமக்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது: வயலில் கருத்த கண்ணாடிக் கட்டிகளோ சுட்ட மண்ணோ குவியலாகத் தெரிந்தால் அதைத் தோண்டாமல் வட்டாட்சியரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள்.